காயட்டும், விடுங்கள்!

உங்கள் வீட்டில் பாதியில் நிற்கும் கைவேலைகள் எத்தனை? பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டிக் காமிரா, மேசைக்கு அடியில் காகிதம் ஒட்டிய பலூன், சன்னல் ஓரத்தில் படிகாரக் கரைசல், அலமாரியில் பாதி பின்னிய ஒயர் கூடை என்று நான்கைந்து இருக்கின்றனவா? இருந்தால் வெட்கப்பட வேண்டாம். "ஒன்றை உருப்படியாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடேன்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுக் கணக்குப் போடுவதற்கு அது நல்ல புத்திமதிதான். கைவேலைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்துவிட்டால் நான்கு வேலைகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, நான்கையும் கெடுக்காமல், நிதானமாக அனுபவித்துச் செய்யலாம்.

பலூனை ஊதிக் கட்டி, அதன்மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டி, ஒரு பூகோள உருண்டை செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடுக்கு ஒட்ட வேண்டும். ஓர் அடுக்கு ஒட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். அது நன்றாகக் காய்வதற்கு ஒரு நாள் ஆகும். கூட்டிப் பாருங்கள். உங்கள் கை செய்யும் வேலை 2 மணி நேரம். காற்று செய்யும் வேலை 4 நாள், அதாவது 96 மணி நேரம்! உருண்டையைச் செய்வது யார், நீங்களா, காற்றா என்று கேட்கலாம் போலிருக்கிறது, அல்லவா?

இங்கேதான் அவசரம் தலைகாட்டும். "நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டால் என்ன? எப்படியும் ஒருநாள் காயப்போகிறது. மூன்று நாள் மிச்சம்தானே?" என்று தோன்றும். இந்தக் கணக்கு பார்ப்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் தவறானது.

ஈரக் காகிதத்திலிருந்து நீர் எப்படி வெளியேறுகிறது? முதலில் மேற்பரப்பில் உள்ள நீர் ஆவியாகிறது. இது சீக்கிரம் நடந்துவிடும். அதன்பின் உள்ளே இருக்கும் நீர் மேற்பரப்புக்கு வந்து சேரவேண்டும். அதற்கு நேர்வழி கிடையாது. நீர் மூலக்கூறு ஒன்று காகித இழைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் மோதி, முன்னும் பின்னும் அலைந்து, தற்செயலாகத்தான் வெளியே வருகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடி முன்னே வைப்பார். மூன்று அடி பின்னே தள்ளப்படுவார். இப்படி நகர்வதற்கு விரவல் என்று பெயர். விரவலுக்கு ஒரு விந்தையான விதி உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. தூரம் நான்கு மடங்கானால் நேரம் பதினாறு மடங்கு! நேரம், தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே ஓர் அடுக்கு காய ஒரு நாள் என்றால், நான்கு அடுக்கை ஒன்றாக ஒட்டினால் காய்வதற்குப் பதினாறு நாள். ஒவ்வொன்றாக ஒட்டினால் நான்கே நாள். நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புது அடுக்கின் ஈரத்தை, ஏற்கெனவே காய்ந்த அடுக்கு கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். மழை நாளில் காற்றே ஈரமாக இருக்கும். ஆனாலும் போக்கு இதுதான். அவசரப்பட்டவர் பின்தங்குகிறார், பொறுமையாக இருந்தவர் முந்திக்கொள்கிறார்!

பதினாறு நாள் ஈரமாகவே கிடந்தால் இன்னொரு தொல்லையும் வரும். மைதாப் பசை பூஞ்சைக்குப் பெருவிருந்து. மூன்றாம் நாள் நாற்றம். ஐந்தாம் நாள் கறுப்புப் புள்ளிகள். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பது இதனால்தான். மயில்துத்தம் நஞ்சு. நீங்கள் அதைக் கலக்கவேண்டாம். அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தால் அதற்குத் தேவையும் இராது.

"சரி, வெயிலில் வைத்துவிட்டால் சீக்கிரம் காயுமே?" என்று கேட்பீர்கள். காயும். ஆனால் வெளிப்புறம் மட்டும் காயும். காய்ந்த காகிதம் சுருங்கும்; உள்ளே இருக்கும் ஈரக் காகிதம் சுருங்காது. சுருங்க விரும்பும் மேல்தோல், சுருங்க மறுக்கும் உள்பாகத்தைச் சுற்றி இறுகுகிறது. முடிவில் தோல் விரிசல் விடும், அல்லது உருண்டை கோணலாகும். போதாதற்கு வெயிலில் பலூனுக்குள் இருக்கும் காற்று விரிவடைந்து உள்ளேயிருந்து வேறு தள்ளும். கோடையில் வற்றிய கண்மாயின் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான் இது. மேல்மண் முந்திக்கொண்டு காய்கிறது, அடிமண் பிந்துகிறது, நடுவில் வெடிப்பு.

இந்த "வெளிப்புறம் முந்துகிறது, உட்புறம் பிந்துகிறது" என்ற ஒரே சங்கதியைப் பிடித்துக்கொண்டால் எத்தனையோ தொழில்களின் இரகசியம் விளங்கிவிடும். குயவர், சக்கரத்திலிருந்து எடுத்த பச்சைப் பானையை நேராக வெயிலில் வைப்பதில்லை. முதலில் நிழலில்தான் உலர்த்துவார். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும். மரத்தை அறுத்துப் பலகையாக்கி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றில் ஆற விடுவார்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பது தச்சுத் தொழிலில் உலகெங்கும் வழங்கும் பழைய கணக்கு. பலாமரத்தில் வீணை செய்பவர் பச்சை மரத்தைத் தொடமாட்டார்.

ஈரத்துக்கு மட்டுமல்ல, வெப்பத்துக்கும் இதே விதிதான். அமெரிக்காவில் பாலோமர் மலையில் 200 அங்குல விட்டமுள்ள, அதாவது 5 மீட்டர் விட்டமுள்ள, புகழ்பெற்ற தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் ஆடிக்கான கண்ணாடியை 1934 டிசம்பரில் உருக்கி வார்த்தார்கள். சுமார் 20 டன் கண்ணாடி! அதை எப்படிக் குளிரவைத்தார்கள் தெரியுமா? மின்சார உலைக்குள் வைத்து, சூட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஏறத்தாழ 10 மாதங்கள் ஆறவிட்டார்கள். வேகமாகக் குளிர்ந்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி இறுகிவிடும்; உள்ளே தகைவு தங்கிவிடும்; பிறகு தேய்க்கும்போது கண்ணாடி பிளந்தாலும் பிளக்கும். அதன்பின் தேய்த்து மெருகேற்றும் வேலை 1936-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்தது. வேலை பாதியில் நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் எடுத்துச் செய்து முடித்தார்கள். 1948-இல்தான் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. பாதியில் நின்ற வேலை என்று அதை யாரும் பரிகாசம் செய்யவில்லை.

இனி உங்கள் சன்னல் ஓரத்துப் படிகாரத்துக்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, சுடுநீரில் கரையுமட்டும் கரைத்து, துணியில் வடிகட்டி வைத்தால், மறுநாள் அடியில் சிறு படிகங்கள் கிடக்கும். அவற்றில் நல்ல வடிவுள்ள ஒன்றை நூலில் கட்டி, வடித்தெடுத்த தெளிவான கரைசலில் தொங்கவிட வேண்டும். நீர் மெல்ல மெல்ல ஆவியாக, கரைசலில் தங்க இடமில்லாத படிகாரம் ஒவ்வொரு துகளாக வந்து விதைப் படிகத்தின்மேல் ஒழுங்காக அமர்கிறது. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல் எட்டு முகங்களுடன் கண்ணாடிபோல் ஒரு படிகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரில் குவளையை வைத்தால்? ஒரே சமயத்தில் ஆயிரம் இடங்களில் படிகம் தொடங்கிவிடும். துகள்களுக்குச் சரியான இடம் தேடிப்போய் உட்கார நேரமே இராது. கிடைப்பது சர்க்கரைபோல் ஒரு கைப்பிடித் தூள்தான். பனங்கற்கண்டு செய்பவர்கள் பாகில் நூலைத் தொங்கவிட்டு, பானையை வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பதும் இதற்காகவே.

ஆனால் எல்லா வேலையும் இப்படிக் காத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ் சாந்தில் ஓர் அச்சு வார்க்கிறீர்கள். நீர் விட்டுக் குழைத்ததும் சில நிமிடங்களுக்குள் ஊற்றி முடித்தாக வேண்டும். அது காய்ந்து இறுகுவதில்லை. நீருடன் வேதிவினை புரிந்து ஜிப்சமாக மாறி இறுகுகிறது. தொட்டுப் பாருங்கள், சூடாகக்கூட இருக்கும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனால் கிண்ணத்தோடு போயிற்று. சிமெண்டும் இந்த வகைதான். ஆனால் நிதானப் பேர்வழி. சிமெண்டு காய்வதால் கெட்டியாகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியானால் கொத்தனார் புதுத் தளத்தின்மேல் பாத்தி கட்டி ஏன் நீரைத் தேக்குகிறார்? நீர் இருந்தால்தான் வினை தொடரும். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிப்பது பொறியாளர் வழக்கம்.

ஆக, நமக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்று. ஒயர் கூடையை எந்த நிமிடமும் கீழே வைக்கலாம், எந்த நிமிடமும் எடுக்கலாம். நாம் காத்திருக்கவேண்டிய வேலை ஒன்று. அது பசையும் படிகாரமும். யாருக்கும் காத்திராத வேலை ஒன்று. அது பாரிஸ் சாந்து. பல வேலைகளை மேசையில் வைத்துக்கொள்ளும் வித்தை இவ்வளவுதான். ஒரே வகையில் ஐந்தை வைத்துக்கொண்டால் திண்டாட்டம். ஒரே நேரத்தில் இரண்டு கிண்ணம் பாரிஸ் சாந்து குழைத்தவருக்கு அது நன்றாகத் தெரியும்! பசை காயும்போது கூடை பின்னுங்கள். படிகம் வளரும்போது அச்சு வாருங்கள். கிடைத்த பழைய அட்டைப் பெட்டிகளில் வேலைக்கு ஒன்றாகப் போட்டு, "மூன்றாவது அடுக்கு, செவ்வாய் மாலை ஒட்டியது" என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். சீட்டு இல்லாவிட்டால் எதை எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஆசை போய்விடும்.

இப்படி வீடு முழுவதையும் பட்டறையாக்கிக்கொண்ட ஒருவரின் வரலாறு சுவையானது. வில்லியம் ஹெர்ஷல் என்பவர் 1738-இல் ஜெர்மனியில் பிறந்தவர். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும், இசை கற்பித்தும், கச்சேரிகள் நடத்தியும் பிழைத்தார். வானத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. நல்ல தொலைநோக்கி வாங்கப் பணமில்லை. 1773-இல் தாமே ஆடி தேய்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஆடி என்பது கண்ணாடி அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அவருடைய தங்கை கரோலின் தம் நினைவுக் குறிப்புகளில் அந்த வீட்டின் கோலத்தை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அழகான வரவேற்பறையில் தச்சர் ஒருவர் தொலைநோக்கிக் குழாய் செய்துகொண்டிருப்பார். படுக்கையறையில் சகோதரர் அலெக்சாண்டர் பெரிய கடைசல் எந்திரத்தை நிறுத்திக்கொண்டிருப்பார். இவற்றுக்கு நடுவே இசைப் பாடமும் நடக்கும்!

ஹெர்ஷல் ஒரு தொலைநோக்கிக்கு ஓர் ஆடி என்று செய்வதில்லை. பல ஆடிகள் வார்த்துத் தேய்த்து, அவற்றில் சிறந்ததை வைத்துக்கொள்வார். ஆனால் கடைசி மெருகு போடும் கட்டம், பாரிஸ் சாந்தைப்போல் யாருக்கும் காத்திராதது. கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்று அஞ்சினார். ஒருமுறை 16 மணி நேரம் தொடர்ந்து கையை எடுக்காமல் மெருகேற்றினாராம். கரோலின்தான் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டியிருக்கிறார். வேறு நேரங்களில் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவாராம். (கரோலின் பின்னர் தாமே வால்மீன்களைக் கண்டுபிடித்த வானியலாளர் ஆனார். அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.)

1781 மார்ச் 13 அன்று, சுமார் 16 செ.மீ. விட்டமே உள்ள தம் சிறிய ஆடியால் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டார். அதே 1781-இல் 3 அடி விட்டத்தில் பெரிய ஆடி ஒன்றையும் வார்க்க முயன்றார். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அச்சு. அந்தச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவரும் கரோலின்தான். முதல் வார்ப்பு குளிரும்போது வெடித்தது. மறுமுறை உலையிலிருந்து உருகிய உலோகம் ஒழுகித் தரையில் ஓட, கல் பாவிய தரை வெடித்துச் சிதறியது. எல்லோரும் ஓடித் தப்பினார்கள். அத்தோடு அந்த வேலையை ஹெர்ஷல் விட்டுவிட்டார். முடிக்கவில்லை! பிற்காலத்தில், 1789-இல், 4 அடி விட்டமுள்ள ஆடியுடன் 40 அடி நீளத் தொலைநோக்கியைக் கட்டி முடித்தார். உலகமே வியந்தது. ஆனால் அதைக் கையாள்வது பெரும்பாடு. அவர் அதிகம் பயன்படுத்தியது, அதைவிடச் சிறிய 20 அடித் தொலைநோக்கியைத்தான். முடிந்த வேலையெல்லாம் பயன் தருவதும் இல்லை, முடியாத வேலையெல்லாம் வீணும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உடைந்த அந்த வார்ப்புகளிலிருந்து உலோகக் கலவையைப் பற்றி அவர் கற்றது அவரிடமே இருந்தது அல்லவா?

ஆடி தேய்க்கும் கலை நமக்கும் அந்நியமல்ல. சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் நம்மவர்களால் தேய்த்து மெருகேற்றப்பட்டது. 1986-இல் அந்தத் தொலைநோக்கிக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஆடி தேய்ப்பவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: தேய்த்த உடனே அளந்து பார்க்கக் கூடாது. தேய்த்த சூட்டில் ஆடி சற்று விரிந்திருக்கும். அப்போது தெரியும் வடிவம் பொய்யான வடிவம். ஆறும்வரை வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பள்ளிக் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகும்போது, முதல்நாள் இரவு அவசரமாக ஒட்டி, சாயம் காயாமல் கையில் ஒட்டும் மாதிரிகளைப் பார்க்கிறேன். கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து வைத்தவற்றையும் பார்க்கிறேன். "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் அந்த மாணவர் விழிக்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கண்காட்சித் தேதி அவரை அப்படி ஓட்டிவிட்டது. தேதி இல்லாத வேலை ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும் என்பதற்காக, எவ்வளவு அவசரப்பட்டாலும் முடிக்க முடியாத ஒரு கைவேலையைச் சொல்கிறேன்.

மொட்டை மாடியில், ஆடாத அசையாத ஒரு மரப்பலகையில், 30 செ.மீ. உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பலகையை இடம் மாறாமல் பொருத்துங்கள். வாரத்துக்கு ஒருமுறை, சரியாகப் பகல் 12.10-க்கு, நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்துத் தேதியை எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. சென்னையில் டிசம்பர் 22 வாக்கில் நிழல் வடக்கே ஏறக்குறைய 22 செ.மீ. நீளும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நிழலே இராது. சூரியன் தலைக்கு நேர் மேலே! பிறகு நிழல் தெற்கே திரும்பி, ஜூன் 21 வாக்கில் ஐந்தரை செ.மீ. இருக்கும். ஆகஸ்டு நடுவில் மீண்டும் மறையும். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வரவில்லையே என்று பயப்படாதீர்கள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், சூரியன் நம் கடிகாரத்தைவிட நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வரும். அதனால் புள்ளிகளை இணைத்தால் ஓர் ஒல்லியான 8 கிடைக்கும். அந்த 8 முழுமை பெற, பூமி சூரியனை ஒருமுறை சுற்றி வந்தாக வேண்டும்.

12.10 என்று சொன்னது சென்னைக்கு. நம் கடிகார நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஒரு பாகை மேற்கே போனால் 4 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். திருச்சியில் 12.15, மதுரையில் 12.18, கோவையில் 12.22 என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மூட்டத்தால் ஒரு வாரம் விட்டுப்போனால் கவலையில்லை. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அந்தப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம்.